ஊசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல

டர்ன்டேபிள் வயரை நேரா ஆம்ப்ளிஃபயரோட ஆக்ஸ்ல சொருகினா பாட்டு வரும். ஆனா சன்னமா, பேஸே இல்லாம, கீச்சுன்னு வரும். சத்தம் குறைஞ்சது ஒரு சிக்கல், பேஸ் காணாமப் போனது இன்னொண்ணு. ரெண்டையும் ஃபோனோ ப்ரீஆம்ப்தான் சரி பண்ணணும்.

சத்தத்தைக் கூட்டுறது சுலபம். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 3-லேர்ந்து 5 மில்லிவோல்ட் வரை தரும். அதை ஏறக்குறைய 100 மடங்காக்கணும், அதாவது 40 டெசிபல். மூவிங் காயில் வகை இன்னும் சன்னம். டெனான் டிஎல்-103 தர்றது வெறும் 0.3 மில்லிவோல்ட். அதுக்கு 60 டெசிபல் பக்கம் வேணும். அவ்வளவு பெருக்கும்போது ப்ரீஆம்போட சொந்த இரைச்சலும் கூடவே பெருகும். அதனால முதல் ஸ்டேஜ் அமைதியா இருந்தே ஆகணும்.

பேஸ் எங்க போச்சு? தட்டு வெட்டும்போதே குறைச்சிட்டாங்க. முழு பேஸையும் வெட்டினா பள்ளம் அகலமா ஆடி, பக்கத்துப் பள்ளத்துல போய் இடிக்கும். ட்ரெபிளை மட்டும் வேணும்னே கூட்டி வெட்டுவாங்க. திரும்பக் கேட்கும்போது அதைக் குறைச்சா, தட்டோட சரசரப்பும் சேர்ந்து குறையும். இதுக்கு 1954-ல அமெரிக்காவுல வந்த அளவுகோல்தான் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு. 20 ஹெர்ட்ஸுக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவுல ப்ரீஆம்ப் காட்ட வேண்டிய வித்தியாசம் சுமார் 39 டெசிபல், கிட்டத்தட்ட 90 மடங்கு! 3180, 318, 75 மைக்ரோசெகண்ட்னு மூணு நேர மாறிலிகள். இந்த மூணும் ஒண்ணையொண்ணு பாதிக்கும், தனித்தனியா கணக்குப் போட்டா தப்பாயிடும். விற்பனைக்கு வந்த பல ஆம்ப்கள்லயே இந்தத் தப்பு இருக்குன்னு 1979-ல ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் ஒரு கட்டுரையில காட்டினார்.

இடையில ஒண்ணு: பழைய 78 ஆர்.பி.எம். தட்டு வச்சிருக்கீங்களா? பெரும்பாலும் அதுக்கு இந்த வளைவு பொருந்தாது. வளைவை மாத்துற ஸ்விட்ச் இருக்கற ப்ரீஆம்ப் தேடுங்க.

இப்ப எல்லாரும் கோட்டை விடற இடம். டப்பாவுல "ஆர்.ஐ.ஏ.ஏ. பிழை 0.2 டெசிபலுக்குள்ள"ன்னு போட்டிருப்பாங்க. பொய்யில்லை. ஆனா அதை அளக்கறது சிக்னல் ஜெனரேட்டரை வச்சு. உங்க வீட்டுல அந்த இடத்துல இருக்கறது மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜோட காயில், சுமார் அரை ஹென்றி. அது கேபிளோட கெப்பாசிட்டன்ஸ், ப்ரீஆம்ப் உள்ள இருக்கற கெப்பாசிட்டன்ஸ் ரெண்டோடயும் சேர்ந்து ஒத்ததிரும். மொத்தம் 200 பிக்கோஃபாரட்னா ஒத்ததிர்வு 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 400 ஆனா 11 கிலோஹெர்ட்ஸுக்கே இறங்கிடும். அந்த இடத்துல ஒலி எகிறி, அதுக்கு மேல சரிஞ்சு விழும். சிம்பல் கூர்மையாவும் மேல காத்தே இல்லாமலும் கேட்கும். நாம கார்ட்ரிட்ஜைத் திட்டுவோம்.

47 கிலோஓம் இன்புட்டை எல்லாரும் தர்றாங்க. பிக்கோஃபாரட் கணக்கை எழுதாத ப்ரீஆம்பை நான் வாங்கமாட்டேன். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசைக்குக் கேட்கறது மொத்தமே 100-லேர்ந்து 200 வரைதான். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் இருக்கற கேபிளை ரெண்டு மீட்டர் போட்டாலே கோட்டா தீர்ந்துடும். மூவிங் காயில்காரங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அவங்க காயில் அவ்வளவு சின்னது. அவங்க பார்க்க வேண்டியது ஓம்ஸ். டிஎல்-103-க்கு 100 ஓமோ அதுக்கு மேலயோ.

ஹம் வருதா? நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்துல ஆர்.ஐ.ஏ.ஏ. 17 டெசிபல் தூக்கும், ஏழு மடங்கு. டர்ன்டேபிளோட எர்த் வயரை ப்ரீஆம்போட எர்த் முனையில இறுக்கிப் போடுங்க, அடாப்டரைத் தள்ளி வைங்க. தட்டு வளைஞ்சிருந்து வூஃபர் கோன் முன்னும் பின்னும் ஆடினா சப்சோனிக் ஃபில்டரைப் போடுங்க.

கேபிளோட பிக்கோஃபாரட்டை நீங்களே அளக்கணும்னா ரெண்டு பக்கமும் கழட்டிட்டு, நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல எல்.சி.ஆர். மீட்டரை வைங்க. கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது வைக்காதீங்க. மீட்டர் அனுப்பற கரண்ட் அந்தச் சின்ன காயிலுக்கு ஆகாது.