கமெராவுக்குப் பின்னால் நின்ற மூன்று மாதம்

சிங்கராஜ வனத்தின் குடாவ நுழைவாயிலுக்குப் போகிறவர்கள் கலவானவைக் கடந்துதான் போகிறார்கள். பறவைகளைப் படம்பிடிக்கப் பெரிய கமெராக்களோடு போகும் வாகனங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் புதினமல்ல. 2017 மே மாதம் வெள்ளமும் மண்சரிவும் அப்பகுதியைத் தாக்கியபோது வேறு கமெராக்கள் வந்தன. "எங்கம்மா அழுவுறத எடுத்துட்டுப் போனாங்க மிஸ். அந்தப் படத்த நாங்க இன்னும் பாக்கல" என்றாள், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை.

முகாம்களில் இருந்த சகோதரிகளுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் அங்கே யுத்தத்தையும் கண்டார்கள். அவர்களையும் எத்தனையோ பேர் படமெடுத்தார்கள். எடுத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியோடுதான் அந்தப் பிள்ளையைக் கொழும்பில் உள்ள ஒரு வீடியோ தயாரிப்பு நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டோம். "கமெராவைத் தொட இரண்டு கிழமை போனது" என்று பிறகு சொன்னாள். பற்றறி சார்ஜ் செய்வது, முக்காலி தூக்குவது, எந்தக் காட்சி எந்த நிமிடத்தில் இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது, ஒவ்வொரு நாள் பதிவையும் இரண்டு இடத்தில் பிரதி பண்ணி வைப்பது ஆகியவையே ஆரம்ப வேலைகள். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவாள் என்பதால், பேட்டிகளைக் கேட்டு எழுதி மொழிபெயர்க்கும் வேலை விரைவிலேயே அவளிடம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்ததால் தானாக வந்த இரண்டு மொழியும் ஒரு தொழில் தகைமை என்பதை அப்போதுதான் அவள் உணர்ந்தாள்.

ஒரு தவறும் நடந்தது. வடக்கில் காணாமற்போன மகனைத் தேடும் ஒரு தாயைப் பதிவு செய்தார்கள். ஒலிவாங்கி இவள் பொறுப்பு. ஹெட்போனைக் காதில் மாட்டிப் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலப் பேச்சில் ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்டபோது அந்த அம்மா, "ஒருக்காச் சொல்லத்தான் பிள்ளை பலமிருந்தது" என்று எழுந்து போய்விட்டார். அன்று இவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒலியைக் கேட்டுச் சரிபார்க்காமல் ஒரு கேள்வியும் கேட்க விடமாட்டாள். பேசியவருக்கு அவருடைய பதிவைப் போட்டுக் காட்டாமல் வருவதுமில்லை.

இது படித்தவர்களுக்கு மட்டுமான தொழில் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் அகமதாபாத்தில் எலா பட் அவர்கள் 1972 இல் தொடங்கிய 'சேவா' பெண்கள் தொழிற்சங்கத்தில், 1984 இல் 20 பெண்களுக்கு வீடியோப் பயிற்சி கொடுக்கப்பட்டது. நியூயோர்க்கிலிருந்து வந்த மார்த்தா ஸ்டூவர்ட் கற்பித்தார். அந்தப் பெண்களில் எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர்; சந்தையில் காய்கறி விற்ற லீலாபென்னும் இருந்தார். 'வீடியோ சேவா' அப்படித்தான் பிறந்தது.

தெலுங்கானாவில் ஜகீராபாத்துக்கு அருகே பஸ்தாபூரிலும் தக்காண அபிவிருத்திச் சங்கத்தின் தலித் விவசாயப் பெண்கள் இதைக் கற்றார்கள். வாரங்கல் விவசாயிகளுக்குப் பீ.டி. பருத்தியால் வந்த நட்டத்தை அவர்கள் படமாக்கினார்கள். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் காட்சிக் கோணங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்'. பட்டேல் என்றால் ஊர் நிலக்காரர். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் 'அடிமை ஷாட்'. எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசுவதுபோல் கண்மட்டத்தில் எடுத்தால் 'சங்கம் ஷாட்'. இதைச் சொன்னதும் நம் பிள்ளை சிரித்தாள். "அப்ப எங்களுக்கு அது தொர ஷாட்டு!" மண்சரிவில் அழுத தன் தாயை நின்றபடி மேலிருந்து எடுத்தது அவள் மனதில் வந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் தாய்மாரும் சகோதரிகளும் சிலவற்றைக் கேட்டே ஆகவேண்டும். எத்தனை மாதம், கொடுப்பனவு எவ்வளவு, பஸ் காசும் தங்குமிடமும் யார் பொறுப்பு, இரவில் படப்பிடிப்பு நடந்தால் யார் கூட்டிவந்து விடுவது, முடிவில் சான்றிதழ் உண்டா, படத்தில் பெயர் வருமா என்பவற்றைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். 'அனுபவம்தானே சம்பளம்' என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கும் இடங்களும் உண்டு. பாலியல் தொந்தரவு 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். பயிற்சிக்கு வந்தவள் என்பதற்காக எவரும் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைப் பிள்ளையின் தொலைபேசியில் பதிந்து கொடுங்கள்.

கமெரா முன் இருக்க நேரும் சகோதரிகளுக்கும் உரிமை உண்டு. எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே காட்டுவீர்கள் என்று கேட்கலாம். முகத்தை மறைக்கச் சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம்.

பயிற்சி முடித்து ஊர் திரும்பியவள் முதலில் எடுத்தது, கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த தன் தாயை. தாய் லயத்து வாசல் திண்ணையில் இருந்தார். மகளும் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கமெராவைத் தாயின் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். எடுத்து முடிந்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.