சாய்ந்த பெருமரம்: விறகாக்கும் முன் யோசியுங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மிருதங்கம் செய்பவர்கள் தேடிவந்து வாங்கும் பலா அது. குமராட்சி, சிதம்பரம் பக்கத்து ஊர்களிலும் புயல் மழைக்கு வேம்பு, புளி, தூங்குமூஞ்சி என்று பெருமரங்கள் விழுவதுண்டு. விழுந்த மரத்தை அவசரத்தில் மூன்றடித் துண்டுகளாகப் போட்டுவிட்டால் அதற்கு விறகு விலைதான். நீளம் கெடாமல் காப்பாற்றினால் அதிலிருந்தே நிலை, கதவு, மேசை எல்லாம் எடுக்கலாம்.

வெட்டும் முன்

மரம் யாருடையது என்பதை உறுதி செய்யுங்கள். புறம்போக்கு மரமும் சாலையோர மரமும் அரசுக்குச் சொந்தம். பட்டா நிலத்து மரமானாலும் வண்டியில் ஏற்றுமுன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. தேக்கு போன்ற மரங்களுக்கு இது மிகவும் முக்கியம்.

அடுத்து ஆசாரியை அழைத்து, என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். நிலைக்கு ஏழடி வேண்டுமென்றால் ஏழரை அடியாக வெட்டுங்கள். காயும்போது முனைகள் வெடிக்கும். அந்த அரையடி அதற்குத்தான். வெட்டிய அன்றே முனைகளில் பெயிண்ட் அடித்தால் வெடிப்பு குறையும்.

அளவும் மில்லும்

மரம் அறுக்கும் மில்லில் சுற்றளவைக் கொண்டு கன அடி கணக்கிடுவார்கள். சுற்றளவில் கால் பங்கை அதே அளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். சுற்றளவு 7 அடி, நீளம் 10 அடி என்றால் சுமார் 30 கன அடி வரும். மரத்தின் உண்மையான கன அளவு 39 கன அடி. பட்டை, கோணல், அறுப்புச் சேதம் எல்லாம் கழிந்து கையில் கிடைப்பது குறையும் என்பதால் பழக்கத்தில் நிற்கும் கணக்கு இது.

இந்த அளவு மரம் பச்சையாக ஒரு டன்னைத் தாண்டும். ரம்பத்தில் எவ்வளவு அகலம் நுழையும், தூக்க என்ன வசதி இருக்கிறது என்று மில்லில் முன்கூட்டியே கேளுங்கள். நுழையாத மரத்தைக் கிடந்த இடத்திலேயே செயின்சாவால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து அனுப்பலாம். சாலையோரத்திலும் வேலியோரத்திலும் நின்ற மரத்தில் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும். ஆணி பட்டால் ரம்பப் பல் போய்விடும். தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எப்படி அறுப்பது

மரத்தின் நட்ட நடுப்பகுதி பலகைக்குள் முழுசாக மாட்டிக்கொண்டால் அது வெடித்தே தீரும். அதனால் நடுவைப் பிளந்தோ ஒதுக்கியோ அறுக்கச் சொல்லுங்கள். வெளிவட்டத்து வெளிறில் மாச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். நிலைக்கும் சட்டத்துக்கும் வைரப் பகுதியை ஒதுக்குங்கள். மேசைக்கு இரு ஓரமும் இயல்பாகவே இருக்கும் அகலப் பலகை வேண்டுமானால் வெளிறு சேர்ந்துதான் வரும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசி அதைக் காக்கலாம். காயும்போது சுருங்கும் என்பதால் தேவையைவிடக் கால் அங்குலம் கனமாக அறுப்பது நல்லது.

காயவிடுதல்

பாடுபட்டு அறுத்த பலகை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமான மேடை போடுங்கள். இரண்டடிக்கு ஒரு குச்சி வைத்து, குச்சிகள் ஒன்றின் நேர் மேலே ஒன்று வருமாறு பலகைகளை அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். நிழல் வேண்டும், காற்றும் வேண்டும். நேர் வெயில் பட்டால் பலகை வளைந்துவிடும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் அடுக்கினால் கோடை முழுவதும் காற்றில் காயும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு.

பச்சைப் பலகையில் கதவு செய்தால் சில மாதங்களில் இணைப்புகள் விலகும். ஒரு தலைமுறைக்கு மேல் வளர்ந்த மரத்துக்கு ஓரிரு ஆண்டு பொறுப்பதில் தவறில்லை. அதற்குள் வீட்டு வேலை வந்துவிட்டால் காய்ந்த மரத்தை வெளியில் வாங்கிக்கொண்டு, உங்கள் பலகையை அப்படியே காயவிடுங்கள்.