பொம்மை வியாபாரத்தில் நம் பொறுப்பு

மளிகைக் கடையானாலும் ஃபேன்சி ஸ்டோர் ஆனாலும் முகப்பில் நாலு பொம்மைகளைத் தொங்கவிடுவது நம் வணிகர்களின் வழக்கம். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வெளியூர்க் குடும்பங்கள் வந்து குடியேறும் மூக்கண்டப்பள்ளி போன்ற பகுதியில் சம்பள நாட்களில் அவை விற்றும் விடுகின்றன. விற்ற பொம்மையை நாம் மறந்துவிடுகிறோம். வாங்கிச் சென்ற குழந்தை மறப்பதில்லை.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1951-லேயே இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். பிறந்த நாலாம் மாதம் முதல் ஒரு வயதுக்குள் பல குழந்தைகள் ஒரு துணியையோ பொம்மையையோ தமக்கென்று பற்றிக்கொள்கின்றன. தாய் அருகில் இல்லாதபோதும், உறங்கப் போகும்போதும் அதுவே ஆறுதல். அழுக்கானாலும் துவைக்க முடியாது. வாசனை மாறினால் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும். வளர வளர இந்தப் பிடிப்பு தானே தளரும். பிடுங்கி எறிய வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து.

இதில் வியாபாரிக்கு என்ன என்று கேட்கலாம். பிடித்த பொம்மையைக் குழந்தை மாதக்கணக்கில் கடிக்கும், சப்பும், கட்டிக்கொண்டு தூங்கும். மட்டமான சாயமும், கழன்று வரும் கண்ணும் சக்கரமும் அதன் வாய்க்குள்தான் போகும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, 3 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் சிறு துண்டுகூடத் தொண்டையை அடைத்துவிடலாம்.

ஆகவேதான் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 1-1-2021 முதல் கட்டாயமாக்கப்பட்டது. செய்பவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் இது பொருந்தும். முறைப்படி பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், பதிவு பெற்றோர் செய்யும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு.

அப்படிக் குறியீடு பெற்ற சென்னப்பட்டணம் மரப் பொம்மைகள், பெங்களூர் வழியாக நமக்குச் சுமார் 100 கிலோமீட்டரில்தான் செய்யப்படுகின்றன. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்கை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். மஞ்சள் போன்ற இயற்கைச் சாயம் சேர்த்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது.

கொள்முதல் செய்யும்போது வணிகர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. முத்திரை இல்லாத சரக்கை, விலை மலிவு என்பதற்காக எடுக்க வேண்டாம். விலக்குப் பெற்ற சரக்கானால் பதிவு விவரத்தைப் பில்லோடு பத்திரப்படுத்துங்கள். எந்த வயதுக் குழந்தைக்கு என்று கேட்ட பிறகே எடுத்துக் கொடுங்கள்.

உடைந்த பொம்மையோடு வரும் தாய்க்குப் புதியதை விற்பதில் அவசரம் வேண்டாம். குழந்தைக்கு வேண்டியது அந்தப் பழைய பொம்மைதான். ஒரு சக்கரத்தை மாட்டிக் கொடுத்தால், அந்தக் குடும்பம் நம் கடையை விட்டு வேறு கடைக்குப் போகாது. நாணயமான வியாபாரத்துக்கு இதைவிட நல்ல முதலீடு வேறில்லை.