உஷார்! செடிக்கு வாங்கும் விளக்கு கண்ணுக்கு வினை

‘வீட்டுக்குள் வளரும் செடிக்கு யூவி வெளிச்சம் வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிடுங்கள். ஆர்ஓ மெஷினில் கிருமியைக் கொல்ல ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அது தனியாகவும் கிடைக்கிறது. கொரோனா சமயத்தில் அறையைச் சுத்தப்படுத்த என்று அதே சரக்கைப் பெரிய அளவில் விற்றார்கள். விலை குறைவு என்று அதைத் துளசித் தொட்டிக்கு மேல் கட்டிவிடாதீர்கள். அதிலிருந்து வருவது 254 நானோமீட்டர் யூவி-சி. கிருமியைக் கொல்வது இலையை மட்டும் விட்டுவைக்குமா? செடி உணவு தயாரிக்க எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான்.

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நின்றவர்களைக் கேளுங்கள். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகுதான் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், தண்ணீராய்க் கொட்டும். யூவி குழலும் அதையேதான் செய்யும். 2023 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஏப்ஃபெஸ்ட் விழாவுக்குப் போனவர்கள் பலர் கண் எரிச்சலோடு டாக்டரிடம் ஓடினார்கள். ஒரு மூலையில் வைத்த யூவி-ஏ விளக்குகள் காரணமாக இருக்கலாம் என்று நடத்தியவர்களே பிறகு ஒத்துக்கொண்டார்கள். பணம் கொட்டி நடத்திய விழாவிலேயே இந்தக் கதி.

அடுத்த வில்லங்கம், ஆன்லைனில் வரும் ஊதா நிற ‘க்ரோ லைட்’. அது யூவி இல்லை, சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி. செடிக்கு நல்லதுதான். ஆனால் அந்த நிறங்கள் நம் கண்ணுக்கு மங்கலாகப் படும் என்பதால், ‘இவ்வளவுதானா’ என்று குழந்தைகள் கிட்டப்போய் உற்றுப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிவது நம் கண்ணின் குறை, விளக்கின் வீரியம் குறையவில்லை. இலையில் புள்ளி விழுந்தாலும் அந்த வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது. விண்வெளி நிலையத்துக்கு நாசா 2014-ல் அனுப்பிய ‘வெஜ்ஜி’ செடிப் பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் வைத்தார்கள், பார்க்கிறவர் கண்ணுக்குச் செடி செடியாகத் தெரியவேண்டுமே என்றுதான். நமக்கு எதற்கு இந்தக் கலர் கூத்து? நல்ல வெள்ளை எல்இடி போதும்.

அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் நம்பாதீர்கள். உள்ளே நிஜமாக இழுக்கும் மின்சாரம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காத சரக்கு சந்தையில் ஏராளம். அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஈக்விவலன்ட்’ என்று ஒளிந்திருக்கும். உண்மையான வாட்ஸைக் கேட்டு வாங்குங்கள். நிஜ 40 வாட்ஸ் விளக்கை 12 மணி நேரம் எரித்தால் நாளுக்கு அரை யூனிட், ரெண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 30 யூனிட்.

அதற்கு முன் ஒரு கேள்வி. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் நம் மணலூர்பேட்டையில் வெயிலுக்கா பஞ்சம்? உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும், நடுக்கூடத்தில் டியூப்லைட் எரிந்தாலும் சில நூறு தாண்டாது. மொட்டை மாடி இருக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுத் தொட்டியை மேலே கொண்டுபோகலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மிளகாய், தக்காளி நாற்றைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும், ஒட்டினாற்போல் கட்டிய இருட்டு வீட்டில் கீரை போடுகிறவர்களுக்கும்தான் விளக்கு. அவர்கள் செடியின் உச்சியில் 10,000 லக்ஸ் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும், மொபைல் ஆப்பே உத்தேசமாகக் காட்டும். விளக்கை எட்ட வைத்தால் வெளிச்சம் மளமளவென்று சரியும், ஒட்ட வைத்தால் இலை கருகும். ராத்திரி அணைத்துவிடுங்கள், செடிக்கும் இருட்டு வேண்டும்.

உயிருக்கு ஆபத்து விளக்கில் இருப்பதைவிட அதன் வயரில் அதிகம். 230 வோல்ட், பக்கத்திலேயே பூவாளித் தண்ணீர், நனைந்த கை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடவே போடாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணைத் தண்ணீர் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டதைப் பார்த்த ஊருக்கு, தரையில் கிடக்கும் பிளக் எப்படிப்பட்ட எமன் என்று விளக்க வேண்டியதில்லை. பிளக் பாயின்ட் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி ஏறட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் விளக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள். ஆற்றுத் திருவிழா முடிந்து மிச்சமான சீரியல் செட்டைச் செடிமேல் சுற்றுகிற புத்திசாலித்தனம் வேண்டாம், அந்த மெல்லிய வயர் ஈரத்துக்குத் தாங்காது. விளக்கில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். கம்பெனி பெயரே வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தெரியாமல் யூவி குழலின் முன் நின்று கண் உறுத்த ஆரம்பித்தால், தாய்ப்பால் விடுவது, வெங்காயச் சாறு பிழிவது எல்லாம் கூடாது. கசக்கவும் கூடாது. குழலை அணைத்துவிட்டு, திருக்கோவிலூரோ திருவண்ணாமலையோ, கண் டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். என்ன விளக்கு என்று காட்ட அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.