விலாவும் மூச்சும்

1959ஆம் ஆண்டு, இலண்டன் லோர்ட்ஸ் மைதானம். பிரையன் ஸ்டேதமின் பந்து தாக்கி நாரி கொன்ட்ராக்டரின் விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. அவரோ மட்டையைக் கீழே வைத்தாரில்லை; முதல் இன்னிங்ஸில் இந்தியா பெற்ற 168 ஓட்டங்களில் 81 அவருடையவை.

வியக்கத்தக்க துணிவுதான், ஆயினும் கனமூலையில் பந்தாடும் நம் இளைஞர் இதனைப் பின்பற்றலாகாது. முறிந்த முனை நுரையீரலைக் குத்திவிடவுங்கூடும்.

கையெலும்புக்கு மாவுக்கட்டு உண்டு. விலாவோ மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டே ஆறவேண்டும். முன்னாளில் மார்பை இறுகக் கட்டினர். நோவு தணிந்தது, மூச்சு மேலோட்டமாயிற்று, சளி தேங்கி நுரையீரலழற்சி கண்டவரும் உண்டு. ஆகவே, நோவடக்கும் மருந்தை உட்கொண்டு, தலையணையை விலாவோடு அணைத்து, ஆழ மூச்சிழுக்கவும் இருமவுமே இன்று மருத்துவர் பணிக்கின்றனர். சாதாரண முறிவு ஏறக்குறைய ஆறு வாரங்களிற் கூடும். அதன் நீளம் தும்மல் வரும்போதுதான் தெரியும்! மூச்சுத்திணறலோ, இருமலில் இரத்தமோ காணின் அன்றே மருத்துவமனையை நாடுக.