கொல்லிமலையில் ஒரு சாமைச் சோறு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நானும் என் துணைவியாரும் கொல்லிமலையின் திருப்புலி நாட்டிற்குச் சென்றிருந்தோம். மலைக்கு வருவோர் பலரும் விரும்பிக் கேட்பது முடவாட்டுக்கால் சூப். உரோமம் படர்ந்த அக்கிழங்கு ஆட்டுக்காலை ஒத்திருக்கும். உண்மையில் அது பாறையையும் மரத்தையும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மிளகு சேர்ந்த அச்சூப் நன்றாகவே இருந்தது. ஆனால் என் துணைவியார் கேட்டது சாமைச் சோறு.

“யாரும் அதைக் கேக்கறதில்லீங்க. நாளைக்கு வாங்க, குத்தி வைக்கிறேன்” என்றார் உணவுக்கடை அம்மையார்.

அச்சொல்லில் மலையின் வரலாறே அடங்கியிருந்தது. சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி விலைபோகத் தொடங்கியதும் சாமை, திணை விளைநிலங்கள் சுருங்கின. சாமையின் உமியோ இறுகியது. உரலிலிட்டுப் பலமுறை குத்திப் புடைக்க வேண்டும். அப்பாடு முழுவதும் பெண்களுடையது. (சிறுதானியத்தின் பெருமை பேசும் ஆடவருள் உலக்கை பிடித்தவர் எத்தனை பேர்?) இதை உணர்ந்தே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் விதைகளைக் காத்ததோடு, உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊரார்க்குக் கிடைக்கச் செய்தனர்.

மறுநாள் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆயத்தமாயிருந்தன. துணைவியார் இருமுறை வாங்கி உண்டார். இரண்டு படிச் சாமை அரிசியும் விலைக்குக் கேட்டார். நான் பேரம் பேச வாய் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.