பொறியும் பொறுப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஆழ்குழாய்க் கிணறு போடுவது ஒரு சிறு திருவிழா. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றுவிட்டால் அக்கம்பக்கத்துச் சாளைக்காரர்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்பதே அன்றைய பேச்சு. அந்த ஆரவாரத்தில் ஓரமாக நின்று உறுமும் சிறு இயந்திரத்தை யாரும் கவனிப்பதில்லை. மேல்மண் சரிந்து குழியை மூடாதபடி இறக்கும் இரும்புக் கேசிங் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைக்க மின்சாரம் தருவது அதுவே. அதுதான் எஞ்சினால் ஓடும் வெல்டிங் ஜெனரேட்டர்.

என் தாய்மாமன் அத்தகைய ஜெனரேட்டர் ஒன்றை டிராலியில் வைத்துக்கொண்டு தொழில் செய்பவர். கேசிங் குழாய், கோழிப்பண்ணைச் சட்டம், தோட்டத்துக் கேட் என்று மின்கம்பி எட்டாத இடமெல்லாம் அவருடைய தொழிற்களம். 2012ஆம் ஆண்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியபோது ஊருக்குள்ளும் அந்த ஜெனரேட்டரே சோறு போட்டது. விடுமுறை நாள்களில் அவருடன் சென்று கண்டதையும், வகுப்பில் கற்றதையும் இணைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இயங்கும் விதம்

காந்தப் புலத்தில் கடத்தி அசைந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். டீசல் எஞ்சின் சுழற்ற, ஜெனரேட்டர் அவ்விதியின்படி மின்சாரம் தருகிறது. ஆனால் இது வீட்டு மின்சாரத்தைப் போன்றதன்று. வீட்டுக்கு 230 வோல்ட். ஓட்டமோ சில ஆம்பியர்கள். பற்றவைப்பில் மின்வில் எரியும்போது 20 முதல் 30 வோல்ட்டே இருக்கும். ஓட்டமோ நூறு ஆம்பியருக்கும் மேல் போகும். 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் தேவை.

ஒரு கணக்குப் போடுவோம். 25 வோல்ட், 120 ஆம்பியர் என்றால் 3000 வாட், அதாவது சுமார் 4 குதிரைத்திறன். ஜெனரேட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் இதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கவேண்டும். 1538 டிகிரி செல்சியசில் உருகும் இரும்பை நொடியில் குழம்பாக்குவது இந்தத் திறனே.

எங்கே நிறுத்துவது?

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஐப்பசி மழை. ஒரு தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்கு இரும்புச் சட்டம் பற்றவைத்துக்கொண்டிருந்தோம். மழை வலுத்ததும் ஜெனரேட்டர் நனையக்கூடாது என்று மூன்று பக்கம் சுவரும் மேலே தகரமும் உள்ள கொட்டகைக்குள் அதைத் தள்ளினோம். திறந்திருந்த பக்கத்தையும் சாரலுக்காகத் தார்ப்பாயால் மறைத்தோம். உதவிக்கு வந்திருந்த தம்பி அதன் அருகிலேயே ராடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் சென்றதும், "அண்ணா, தலை கிறுகிறுங்குதுங்" என்றான். "காலைல உண்ணாம வந்திருப்பான், ஒரு டீ வாங்கிக் குடு" என்றார் மாமா. டீ வருவதற்குள் அவன் சரிந்துவிட்டான். வெளியே தூக்கிவந்து கிடத்தி, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு வைத்த பின்னரே தெளிந்தான்.

காரணம் எனக்கும் அன்று தெரியாது. கல்லூரியில் வேதியியல் வகுப்பில் கார்பன் மோனாக்சைடு பற்றிப் படித்த நாளில்தான் அந்தக் கொட்டகை கண்முன் வந்தது. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் இவ்வாயு பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. ஆயினும் காற்று வடிகட்டி அடைத்திருந்தால் எரிதல் குறைபட்டு அதன் அளவு கூடும். எங்கள் வடிகட்டியோ போர்வெல் தூசியால் அடைத்துக் கிடந்தது. தலைவலியும் கிறுகிறுப்பும் பசியின் அறிகுறியாகத் தோன்றுவதே இதன் கொடுமை.

ஆகவே முதல் விதி: ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் மட்டுமே ஓட்டவேண்டும். புகைக்குழாய் ஆட்களையும் கதவு சன்னல்களையும் நோக்கி இருக்கலாகாது. மழை பெய்தால் வேலையை நிறுத்தவேண்டுமே தவிர, இயந்திரத்தை உள்ளே இழுக்கலாகாது. சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் கொடுக்கவேண்டும். சாய்வில் நின்றால் எண்ணெய் அளவுகோலும் பொய் சொல்லும். சோளத்தட்டுப் போரும் காய்ந்த தென்னோலையும் பொறி எட்டும் தொலைவில் இருக்கக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே டீசல் ஊற்றவேண்டும்.

குறைந்த வோல்ட் என்ற ஏமாற்று

"எண்பது வோல்ட்டு என்ன பண்ணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பற்றவைக்காமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஓம் விதிப்படி 80 மில்லிஆம்பியர் பாயும். வீடுகளில் உயிர்காக்கப் பொருத்தும் கசிவுமின் சுவிட்சு 30 மில்லிஆம்பியரிலேயே துண்டிக்கிறது என்பதை இத்துடன் ஒப்பிட்டால் ஆபத்து விளங்கும். காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடிச் செருப்பன்று, முழுக் காலணி, வெடிப்பில்லாத ஹோல்டர் ஆகிய மூன்றும் வேண்டும். ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் விடவேண்டும்.

எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இரும்பிலேயே, பற்றவைக்கும் இடத்துக்கு அருகில் மாட்டவேண்டும். கேசிங் குழாயைப் பற்றவைக்கும்போது கிளாம்பை ரிக் வண்டியின் சட்டத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகள், கம்பிவடங்கள் வழியாகத் திரும்பி அவற்றைக் கெடுக்கும். தளர்ந்த இணைப்பும் தீங்கே. 0.05 ஓம் தடையுள்ள ஓர் இணைப்பில் 120 ஆம்பியர் பாய்ந்தால் 720 வாட் வெப்பம் பிறக்கும். ஓர் இஸ்திரிப்பெட்டி அங்கே எரிவதற்கு ஒப்பானது அது.

சில ஜெனரேட்டர்களில் 230 வோல்ட் துணை இணைப்பும் உண்டு. மின்வெட்டின்போது அதை வீட்டுச் சுவிட்சுப் பலகையில் செருகி விளக்கெரிப்பது பெருங்குற்றம். அம்மின்சாரம் மின்மாற்றி வழியே எதிர்த்திசையில் ஏறி 11,000 வோல்ட் ஆகிவிடலாம். கம்பத்தின்மேல் வேலை செய்யும் மின்வாரிய ஊழியர் கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பியே தொடுகிறார்.

கண்

மின்வில்லின் புறஊதாக் கதிர் கண்ணின் மேல்படலத்தைச் சுடுகிறது. அப்போது வலிக்காது, சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலை வாரிப் போட்டாற்போல உறுத்தும். பற்றவைப்பவர் 10 அல்லது 11 எண் கண்ணாடி பதித்த முகமூடியை அணியவேண்டும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களுக்கோ முகமூடி கிடையாது. அவர்களைத் தொலைவில் நிறுத்தித் தடுப்புத் தட்டி கட்டுவது வேலையின் ஒரு பகுதியே.

பராமரிப்பு

தினமும் எஞ்சினை முடுக்குமுன் எண்ணெய், குளிர்நீர், டீசல், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. பாறைத்தூள் பறக்கும் இடத்தில் காற்று வடிகட்டியை நாள்தோறும் பார்க்கவேண்டும். கரும்புகை வந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது அதைத்தான். ஜெனரேட்டரைக் காற்று வீசும் பக்கம் நிறுத்தினால் தூசி பாதி குறையும். பெல்ட்டின் காப்புவலையைக் கழற்றிவிட்டு ஓட்டினால், கழுத்துத் துண்டு அதில் சிக்க ஒரு நொடி போதும்.

கார்பன் பிரஷ் உள்ள ஜெனரேட்டரில் அதன் தேய்மானத்தை எஞ்சின் நின்றிருக்கும்போது பார்க்கவேண்டும். கம்யூட்டேட்டரை எமரித் தாளால் தேய்க்கலாகாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தித் தகடுகளுக்கிடையே குறுக்குப்பாதை உண்டாக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதால் அதனருகே பீடியும் பொறியும் ஆகா. அதைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றவேண்டும்.

'60 சதவீதம்' என்று தகட்டில் எழுதியிருந்தால், குறிப்பிட்ட ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் பற்றவைத்து நான்கு நிமிடம் ஆறவிடவேண்டும் என்பது பொருள். வேலை முடிந்ததும் உடனே அணைக்காமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் எஞ்சின் சீராகக் குளிரும்.

முடிவாக

கார்பன் மோனாக்சைடைப் பற்றிப் படித்த வாரமே ஊருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வெளிய வெச்சு ஓட்டோணும்னு கம்பெனிக்காரன் சொன்னான் மாப்ளே, ஏன்னு சொல்லலே. சூடாயிரும்னுதான் நெனச்சேன்" என்றார். மறுநாள் பார்த்தால் டிராலியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் 'உள்ளே ஓட்டாதே' என்று எழுதியிருந்தது. எழுத்து கோணல்; இரண்டு இடத்தில் பெயிண்ட் வழிந்திருந்தது.

விதியை மட்டும் அறிந்தவன் மழை வந்தால் அதை மீறுவான். காரணத்தையும் அறிந்தவன் மீறமாட்டான். நம் வீடுகளில் பலர் இயந்திரங்களோடு உழைக்கிறார்கள். இங்கே நாம் படிக்கும் காரணங்களை அவர்களிடம் கொண்டுசேர்ப்பது நம் படிப்பின் முதற்பயன் என்பதே என் தாழ்மையான கருத்து.